கருவுறும் முன் தொடங்கி ஐந்து வயது வரை: மருத்துவச் சேவைகளை உரிய நேரத்தில் பெறுவது எப்படி?

தாய்க்கும் குழந்தைக்கும் உரிய மருத்துவச் சேவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காலக்கெடு உண்டு. பிரசவத் தேதியைத் துல்லியமாகக் கணிக்க உதவும் ஸ்கேன் முதல் மூன்று மாதங்களில் எடுக்கப்பட வேண்டும்; தாயின் இரத்தப் பிரிவு ஆர்எச் நெகட்டிவாகவும் குழந்தையுடையது ஆர்எச் பாசிட்டிவாகவும் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் தாயின் உடல் குழந்தையின் இரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போடப்பட வேண்டும்; ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். இவற்றுள் எதுவும் சிக்கலான சிகிச்சை அன்று. எனினும் நேரம் கடந்துவிட்டால் அதே சேவையின் பயன் குறைந்துவிடுகிறது. சில வேளைகளில் இல்லாமலே போய்விடுகிறது. ஆகவே எந்த மருத்துவமனை சிறந்தது என்று விசாரிப்பதற்கு முன்பாக, எந்தச் சேவையை எப்போது, என்ன கேட்டுப் பெற வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அறிந்துகொள்வது நல்லது. நாட்டுக்கு நாடு அட்டவணைகள் சற்று மாறுபடும் என்பதால், உங்களைக் கவனிக்கும் மருத்துவர் இதிலிருந்து வேறுபட்ட தேதியைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கருவுறுவதற்கு முன்பும் முதல் பன்னிரண்டு வாரங்களும்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள். அதனால்தான் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்கி, முதல் 12 வாரங்கள் முடியும்வரையாவது எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பிறந்திருந்தால் இந்த அளவு போதாது. கூடுதல் அளவை மருத்துவரே குறித்துத் தர வேண்டும். வலிப்பு நோய், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தைராய்டு போன்றவற்றுக்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள், கருத்தரிப்பதற்கு முன்பே அந்த மருந்துகளின் பட்டியலுடன் மருத்துவரைச் சந்திக்க வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் எதையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் திடீரென நிறுத்துவதால் வரும் ஆபத்து மருந்தால் வரும் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

முதல் மருத்துவப் பரிசோதனை 12 வாரங்களுக்குள் நடக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும்: 12 வாரங்களுக்குள் ஒருமுறை, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். இவற்றுள் எதையேனும் விட நேர்ந்தாலும் முதலாவதை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன், ஏனெனில் அடுத்து வரும் முடிவுகள் அனைத்தும் அன்று எடுக்கப்படும் குறிப்புகளின் மீதே அமைகின்றன. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிப் பிரசவத் தேதி கணிக்கப்படுகிறது. மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பிசகும் என்பதால் முதல் ஸ்கேன் அதைத் திருத்துகிறது. குழந்தை போதிய அளவு வளர்கிறதா, வலி முன்கூட்டியே வந்துவிட்டதா, தேதி கடந்துவிட்டதா என்ற கேள்விகளுக்குப் பின்னால் விடை சொல்வது இந்தத் தேதிதான்.

அன்றைய இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், இரத்தப் பிரிவு, சர்க்கரை ஆகியவற்றுடன் எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவையும் இடம்பெறுகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகித்துச் செய்யப்படும் பரிசோதனைகள் அல்ல. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவானவை. சிஃபிலிஸ் இருப்பது தெரிந்தால் பென்சிலின் ஊசியால் தாயையும் கருவையும் காக்க முடியும். எச்ஐவி இருந்தால், உரிய மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதன் மூலம் அது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பை மிகவும் குறைத்துவிட முடியும்.

முந்தைய கருச்சிதைவு, சிசேரியன், பிரசவத்துக்குப் பிந்தைய அதிக இரத்தப்போக்கு, குறைப்பிரசவம், இறந்து பிறந்த குழந்தை, உயர் இரத்த அழுத்தம் ஆகிய எதையும் முதல் சந்திப்பில் மறைக்கக் கூடாது. முன்பு கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால், அது மீண்டும் வராமல் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்வார். 20ஆவது வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் அதற்கு நல்ல பயன் உண்டு. உடன் வந்திருப்பவர்களின் முன்னிலையில் சொல்லத் தயங்கும் செய்தி ஏதேனும் இருந்தால், மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பதற்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால் அதையும் இந்தத் தனிமையில் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இவை அனைத்தும் எழுதப்படும் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கையேடு தரும் முறையை ஜப்பான் 1948இல் தொடங்கியது. பல நாடுகள் பிற்பாடு அதனைத் தத்தம் வடிவில் ஏற்றுக்கொண்டன. நள்ளிரவில் அறிமுகமற்ற மருத்துவமனைக்குச் செல்ல நேரும்போது, அங்குள்ள மருத்துவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருப்பது அந்தக் கையேட்டில் உள்ளது மட்டுமே. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அதன் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக் குடும்பத்தில் இருவரிடமாவது வைத்திருப்பது நல்லது.

இடைப்பட்ட மாதங்கள்

குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் பொதுவாக 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படுகிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கான குளுக்கோஸ் பரிசோதனை 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்கு 28ஆவது வாரத்தை ஒட்டி ஆன்டி-டி ஊசி பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகிறது. டெட்டனஸ் தடுப்பூசி, ஏற்கெனவே போட்டுக்கொண்ட தவணைகளைப் பொறுத்து அமையும்.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கொள்ளப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருப்பாகும், சிலருக்கு மலச்சிக்கலும் குமட்டலும் ஏற்படும். இதற்காகப் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மருந்தின் வகையையோ எடுத்துக்கொள்ளும் வேளையையோ மாற்றித் தரும்படி கேளுங்கள். கால்சியம் மாத்திரையையும் தேநீர், காப்பியையும் இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்த்து எடுத்துக்கொண்டால் உடல் ஏற்கும் இரும்பின் அளவு குறைந்துவிடும்.

இருபதாவது வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் இரத்த அழுத்தம் கட்டாயம் அளக்கப்பட வேண்டும். அளந்தவுடன் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ இருந்தால், மீண்டும் அளப்பதும் சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்ப்பதும் தேவை. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் தொடக்கத்தில் எந்த உபாதையையும் தராமல் இருக்கக்கூடும் என்பதால், உடல் நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணிச் சந்திப்பைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பேறுகால இறப்புகளை ஆராய்ந்த செரீன் தடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வுரையில், உயிரிழப்புக்கு இட்டுச் செல்லும் தாமதங்களை மூன்றாகப் பகுத்தார்கள்: மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், சென்ற இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றுள் முதல் இரண்டையும் ஒரு குடும்பம் முன்கூட்டியே பேசி வைத்துப் பெருமளவு குறைத்துவிடலாம், மூன்றாவதையும் ஓரளவு குறைக்கலாம் என்பதால், இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிறப்புறுப்பிலிருந்து இரத்தப்போக்கு, விடாத கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்றில் கடும் வலி, வலிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல், பனிக்குடம் உடைதல், 37 வாரங்களுக்கு முன்பே விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் கர்ப்பத்தில் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் உணரப்படும். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கே உரிய ஒழுங்கு அமைந்துவிடும். எண்ணிக்கையைவிட, வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். பிரசவம் நெருங்கும்போது அசைவு குறைவது இயல்பு என்று சொல்லக் கேட்கலாம், அது தவறு. குறைந்துவிட்டதாகத் தாய் உணர்ந்தால் அன்றே பரிசோதிக்கப்பட வேண்டும்.

முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு. மூத்தவர் வீட்டில் இல்லாதபோது மருத்துவமனைக்குச் செல்வது என்ற முடிவை யார் எடுப்பார், இரவில் வாகனத்துக்கு யாரை அழைப்பது, அவசரச் செலவுக்கான பணம் எங்கே இருக்கிறது, வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார், இரத்தம் தேவைப்பட்டால் யார் தருவார் என்பவற்றுக்கு 32ஆவது வாரத்துக்குள் பெயர் குறித்த விடைகள் இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் இரவிலும் விடுமுறை நாட்களிலும் சிசேரியன் செய்ய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா, இரத்தம் கிடைக்குமா, குறைமாதக் குழந்தையைக் கவனிக்கும் பிரிவு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால், அவர்கள் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு, ஆபத்துக் காரணிகள் உள்ள தாய் தொடக்கத்திலேயே அந்த இடத்தில் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பானது.

பிரசவத்தின்போது

தாய் விரும்பும் ஒருவர் பிரசவ அறையில் உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மருத்துவமனை அனுமதிக்குமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தை பிறந்தவுடன் தாய்க்குப் போடப்படும் ஆக்ஸிடோசின் ஊசி, உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கைத் தடுக்கும் எளிய, வலுவான வழியாகும். குழந்தை நன்றாக மூச்சுவிட்டால், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துக் கவ்வியிட்டு வெட்டுவதும், உடலைத் துடைத்துத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்துவதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுவதும் சரியான முறை. குளிப்பாட்டுவதற்கு 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மாதம் நிறைவதற்கு முன்பே வலி வந்துவிட்டால், நேரத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைப்பிரசவம் நேரும் என்று மருத்துவர் கருதினால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி அடையத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படும்; அது வேலை செய்யச் சில மணி நேரமாவது தேவை. பிறந்த பிறகு குழந்தையை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைக் காட்டிலும், கருப்பையில் இருக்கும்போதே தாயை அங்கே மாற்றுவது, தாயின் நிலை இடம் கொடுக்குமானால், குழந்தைக்கு மிகவும் பாதுகாப்பானது.

முதல் ஆறு வாரங்கள்

சிக்கலின்றிப் பிறந்தாலும் தாயும் சேயும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதன் பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஆறாவது வாரத்திலும் இருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. வீடு திரும்பும் அவசரத்தில் விடுபட்டுப்போகும் சில பரிசோதனைகளைப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குதிகாலில் சில சொட்டு இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை, பிறவித் தைராய்டு குறைபாட்டை வெளியில் அறிகுறி தெரிவதற்கு முன்பே காட்டிவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சியைக் காக்க முடியும். செவித்திறன் பரிசோதனை ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். குறை உண்டு என்ற ஐயம் எழுந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் போன்ற கருவியால் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது, சில கடுமையான பிறவி இதயக் குறைகளைக் கண்டறிய உதவுகிறது.

மஞ்சள் காமாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாட்களில் இலேசான மஞ்சள் நிறம் பல குழந்தைகளுக்கு வந்து தானாகவே மறைந்துவிடும். ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலும், எந்த வயதிலும் அது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் மிகவும் உயர்ந்தால் மூளையையும் செவியையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். மாநிறமும் கருநிறமும் கொண்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பாருங்கள். சன்னலோர வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. மருத்துவமனையில் தரப்படும் ஒளிச்சிகிச்சை வேறு, அதன் ஒளி அளவிட்டுத் தரப்படுவது.

பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சுவிடுவது, மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, தூண்டினால் மட்டுமே அசைவது, உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் உயர்வது, 35.5க்குக் கீழே இறங்குவது ஆகியவை பச்சிளங்குழந்தைக்குரிய ஆபத்து அறிகுறிகள். இந்த வயதில் கடும் தொற்று வந்தாலும் காய்ச்சல் இல்லாமலே குழந்தை சோர்ந்துபோகக்கூடும், ஆகவே ‘உடம்பு சுடவில்லையே’ என்று பொறுத்திருக்கக் கூடாது. தொப்புளைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் போதும். மருத்துவர் சொல்லாத எதையும் அதன் மீது தடவ வேண்டாம்.

பிறப்பு எடை 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ மாதம் நிறையாமல் பிறந்திருந்தாலோ, கங்காரு பராமரிப்பைப் பற்றிக் கேளுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய இம்முறையில், குழந்தை தாயின் அல்லது குடும்பத்தார் ஒருவரின் மார்போடு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அணைத்து வைக்கப்படுகிறது. மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனையும் தேவை. அதன் தேதியை மருத்துவமனை எழுதித் தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் சில வாரங்கள் தவறினாலும் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு நழுவிவிடக்கூடும்.

இந்த வாரங்களில் எல்லாருடைய கண்ணும் குழந்தையின் மீதே இருக்க, தாய் மறக்கப்படுகிறாள் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி. ஒரு மணி நேரத்துக்குள் தாயின் அணையாடை (நாப்கின்) ஒன்று முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மார்புவலி, மூச்சுத்திணறல் ஆகியவை உடனே கவனிக்கப்பட வேண்டும். கர்ப்பகாலத்தில் இயல்பாக இருந்த இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் உயரலாம் என்பதால், கடும் தலைவலியைத் தூக்கமின்மையின் விளைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கு நேர்வது. இரண்டு வாரங்களுக்குப் பின்னும் துயரமும் பதற்றமும் நீடித்தால் அது சிகிச்சையால் குணமாகும் நோய். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த கருவுறுதலுக்கு இரண்டு ஆண்டு இடைவெளியாவது நல்லது என்பதால், கருத்தடை முறையைப் பற்றி ஆறாவது வாரச் சந்திப்பிலேயே கேட்கலாம். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்க முடியும்.

முதல் ஐந்து ஆண்டுகள்

தடுப்பூசி அட்டவணை உங்கள் நாட்டினுடையதாகவே இருக்கட்டும். ஒரு தவணை தவறிவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான சளியோ இருமலோ தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. தடுப்பூசிக்காகச் செல்லும் ஒவ்வொரு முறையும் எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் எடையைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. கோடு மேல்நோக்கிச் செல்கிறதா, படுத்துவிட்டதா என்பதையே பார்க்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு மற்ற உணவும் என்பது பொது விதி.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்பைவிட மெதுவாகத் தொடருங்கள். மருத்துவர் தரும் துத்தநாக மருந்தை, வயிற்றுப்போக்கு இடையிலேயே நின்றுவிட்டாலும், மொத்தம் 10 முதல் 14 நாட்கள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். கண்கள் குழிந்துபோவதும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புவதும் உடலில் நீர் வற்றியதைக் காட்டும்.

இருமலுடன் மூச்சு வேகமாக இருப்பதாகத் தோன்றினால், குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது மேலாடையை உயர்த்தி, முழுமையாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். எதையும் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவை எந்த நோயானாலும் அவசர அறிகுறிகள். பாராசிட்டமால் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் உடையவை அல்ல என்பதால், எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதி வாங்குவது அவசியம். சிறு குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது.

மூன்று மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒன்பது மாதத்தில் துணையின்றி உட்காராதது, ஒன்றரை வயதில் நடக்காதது, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது ஆகியவை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. கற்றுக்கொண்ட சொல்லையோ செயலையோ குழந்தை இழந்துவிட்டால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. ‘இந்த வீட்டில் எல்லாரும் தாமதமாகத்தான் பேசினார்கள்’ என்ற ஆறுதல் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் செவித்திறனைச் சோதித்த பிறகே அதை ஏற்க வேண்டும். பல் முளைத்ததும், முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடலாம். பார்வைப் பரிசோதனை மூன்று முதல் ஐந்து வயதுக்குள் நடக்க வேண்டும், ஏனெனில் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கியிருக்கும் குழந்தை அதைத் தானாகச் சொல்லாது; சிகிச்சையும் இளவயதில்தான் நன்கு பலிக்கும். பள்ளியில் சேர்க்கும் முன் அந்த வயதுக்குரிய ஊக்கத் தவணைத் தடுப்பூசிகள் முடிந்துவிட்டனவா என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வேறு ஊருக்கோ நாட்டுக்கோ குடிபெயர்வதாக இருந்தால், புறப்படும் முன் அதன் நகலில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள்.